கண்மாய்ச் சீமைக்கருவேலத்தைத் தூரோடு எடுப்பது எப்படி: நிலம் பார்ப்பதிலிருந்து ஐந்தாம் ஆண்டுக் கன்று வரை

ஜேசிபி வந்து, மரமெல்லாம் சாய்ந்து, லாரி லாரியாக விறகு போன பிறகு கண்மாய் வெட்டவெளியாகத் தெரியும். ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகும். இரண்டு மழைக்காலம் கழித்து அதே கண்மாய்க்குள் கால் வைக்க முடியாது. ஒரு மரம் நின்ற இடத்தில் ஏழெட்டுத் தண்டு கிளம்பிப் புதராக நிற்கும். இடைவெளி முழுக்கக் கன்று. இராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர், தூத்துக்குடிப் பக்கம் இது நடக்காத ஊர் குறைவு.

வெளியிலிருந்து வந்து ஊன்றிவிட்ட எந்த இனத்தை அகற்றுவதிலும் வெட்டுவது வேலையில் சிறு பங்குதான். வெட்டுவதற்கு முன்னால் செய்யும் ஏற்பாடும், வெட்டிய பிறகு நான்கைந்து ஆண்டு விடாமல் திரும்பி வருவதும்தான் மீதி. நம் ஊர்களில் திட்டம், நிதி, திறப்பு விழா எல்லாம் அந்தச் சிறு பங்குக்கே போய்விடுகிறது. இந்த வழிகாட்டி ஒரு கிராமத்துக் கண்மாயையும் அதை ஒட்டிய தரிசு நிலத்தையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஆகாயத்தாமரை, உண்ணிச்செடி, ஆப்பிரிக்க நத்தை போன்றவற்றுக்கு எந்தப் படி மாறும் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்த மரம் ஏன் சாவதில்லை

சீமைக்கருவேலத்தின் சொந்த ஊர் மத்திய அமெரிக்காவும் கரீபியத் தீவுகளும் தென் அமெரிக்காவின் வடபகுதியும். சென்னை மாகாணத்தின் வனப் பாதுகாவலராக இருந்த பெடோம், விறகுத் தட்டுப்பாட்டுக்கு இது உதவும் என்று 1876இல் விதை கேட்டு எழுதினார். ஜமைக்காவிலிருந்து விதை வந்து 1877இல் கடப்பை மாவட்டத்தில் ஊன்றப்பட்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் வறண்ட மாவட்டங்களில் விறகுக்கும் வேலிக்கும் என்று இதைப் பரப்பினார்கள். சும்மா சொல்லக் கூடாது, கேட்டதை இந்த மரம் கொடுத்தது. இன்றும் தென் மாவட்டங்களில் அடுப்பெரிவதும் கரிமூட்டம் புகைவதும் இதனால்தான். சிக்கலும் அங்கேயே தொடங்குகிறது.

மூன்று குணங்களைத் தெரிந்துகொண்டால் பின்வரும் படிகள் தாமாகவே விளங்கும்.

முதலாவது, தரைமட்டத்துக்குச் சற்றுக் கீழே, பக்கவேர் பிரியும் இடம்வரை, அடித்தண்டில் உறங்கும் மொட்டுகள் இருக்கின்றன. மேலே வெட்டினால் அவை விழித்துக்கொள்ளும். அதற்கும் கீழே வெட்டினால் மரம் போய்விடும். ஓரடி ஆழத்தில் இருக்கிறது இந்த மரத்தின் உயிர்.

இரண்டாவது விதை. ஒரு காயில் பத்து முதல் முப்பது விதை வரை இருக்கும். கடினமான தோல் கொண்ட அந்த விதை மண்ணில் பல ஆண்டு கிடந்து, மழை கண்டு முளைக்கும். காய் இனிப்பு. ஆடும் மாடும் பன்றியும் தேடித் தின்னும். குடலைக் கடந்து வரும் விதை சாணத்தோடும் புழுக்கையோடும் விழுந்து, முன்னைவிட நன்றாக முளைக்கும். இலையை ஆடு தொடாது, காயை விடாது. இதைவிடக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு வேண்டுமா என்ன?

மூன்றாவது, அதற்கு வெட்டவெளி வேண்டும். நல்ல புல் மூடிய நிலத்திலும், நிழல் கட்டிய தோப்பிலும், ஆண்டுதோறும் உழும் வயலிலும் அதன் கன்று திணறும். தரிசாகக் கிடக்கும் நிலம், வறண்ட கண்மாய் விளிம்பு, தூர்ந்த வரத்துக்கால் (கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்) ஆகியவைதான் அதன் ராஜ்ஜியம்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடலாம். இந்த மரம் காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையை நிறுத்திவிடும், இதன் நிழலில் கட்டிய மாடு மலடாகும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. இந்தக் கதைகள் நமக்குத் தேவையில்லை. வரத்துக்காலை அடைக்கிறது, கண்மாயின் கொள்ளளவைக் குறைக்கிறது, நிலத்தடி நீரைத் தேடி ஆழமாக வேர் விடுகிறது, மேய்ச்சல் புல்லை அழிக்கிறது, காயையே முக்கிய உணவாகத் தின்னும் கால்நடைக்குத் தாடைத் தசை நலிகிறது. நிரூபணமான குற்றங்களே இவ்வளவு இருக்கின்றன. பொய்யைச் சேர்த்தால், அது பொய் என்று தெரியும் நாளில் உண்மையையும் ஊர் நம்பாது.

படி 1: யார் இடம், யார் மரம், யார் பிழைப்பு

கடப்பாரையை எடுக்கும் முன் கிராம நிர்வாக அலுவலரிடம் போய்ப் புல எண்ணையும் வரைபடத்தையும் பாருங்கள். பொதுவாக 40 ஹெக்டேருக்குக் குறைவான ஆயக்கட்டு (பாசனப் பரப்பு) உள்ள கண்மாய் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்தது. அதற்கு மேல் என்றால் நீர்வளத்துறை. ஊரில் இன்னும் பி.டபிள்யூ.டி கண்மாய் என்றே சொல்வார்கள். பல கண்மாய்களுக்குள் வனத்துறை சமூகக் காடுகள் திட்டத்தில் நாட்டுக்கருவேலம் வளர்த்திருக்கும். அந்த மரங்கள் ஊருக்குச் சொந்தமல்ல, தொட்டால் வழக்கு. சீமைக்கருவேலத்துக்கும் மரமதிப்பீடு, ஏலம் என்ற நடைமுறை உண்டு. தீர்மானம் போட்டு, எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு இறங்குங்கள்.

சட்டப் பின்னணியும் தெரிந்திருப்பது நல்லது. சீமைக்கருவேலத்தை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்ற மதுரைக் கிளையின் உத்தரவையொட்டி 2017இல் பல மாவட்டங்களில் அவசர அவசரமாக மரம் வெட்டப்பட்டது. அதே ஆண்டு நீதிமன்றமே இடைக்காலத் தடை விதித்து, அறிவியல்படி ஆராயச் சொன்னது. 2022இல் ஊடுருவல் தாவரங்களை அகற்றுவதற்கும் அவ்விடங்களை மீட்பதற்கும் மாநில அரசு தனிக் கொள்கை வெளியிட்டது. அகற்றுவதோடு நிற்காமல் மீட்பையும் சேர்த்துப் பேசுகிறது என்பதால், நிதி கேட்டு எழுதும் மனுவில் அதைச் சுட்டிக்காட்டலாம்.

அடுத்து ஆட்களிடம் பேசுங்கள். கரிமூட்டம் போடுகிறவர், விறகு சுமந்து விற்கும் பெண்கள், காய்க்காகவே ஆடு பத்திக்கொண்டு வருபவர் ஆகியோரை விட்டுவிட்டுக் கூட்டம் போட்டால் அது பாதிக் கூட்டம். மரத்தால் வாழ்கிறவர்களை முதல் நாளே சேர்த்துக்கொண்டால், எந்த மூலையில் எவ்வளவு அடர்த்தி, எங்கே எப்போது காய் விழும் என்று அவர்கள் சொல்லிவிடுவார்கள். வெட்டும் வேலையிலும் கரிக்கான மரத்திலும் அவர்களுக்கே முதல் உரிமை என்று எழுதிவையுங்கள். எல்லாவற்றையும் ஒரே கோடையில் அழிக்கும் திட்டம் அவர்கள் அடுப்பில் கை வைப்பதுதான். பகுதி பகுதியாகப் போனால் அந்தச் சண்டை வராது, மேற்பார்வையும் எளிது.

படி 2: நடந்து பார்த்து மூன்றாகப் பிரிப்பது

வரைபட நகலோடு கண்மாயைச் சுற்றி நடங்கள். கரையோடு நிறுத்தாமல், வரத்துக்கால் எங்கிருந்து வருகிறதோ அதுவரை போங்கள். மேலே இருக்கும் மரத்தின் காயை ஒவ்வொரு வெள்ளமும் கண்மாய்க்குள் கொண்டுவந்து கொட்டும். அதை விட்டுவிட்டு உள்ளே சுத்தம் செய்தால் அடுத்த ஐப்பசியில் மறுபடி விதைப்பு நடந்துவிடும்.

பார்த்ததை மூன்று நிறத்தில் குறியுங்கள்: ஒன்றிரண்டு மரமும் கன்றுமாகச் சிதறியிருக்கும் இடம், நடுத்தரப் புதர், நுழைய முடியாத காடு.

பெரும்பாலும் எல்லோரும் காட்டிலிருந்து தொடங்குவார்கள், அங்கேதான் விறகு இருக்கிறது. நான் தலைகீழாகச் செய்யச் சொல்வேன். சிதறிக் கிடக்கும் இடத்தில் ஒரு நாள் கூலிக்கு ஒரு ஏக்கருக்கு மேல் சுத்தமாகும், அது அடுத்த காடாவதும் நிற்கும். அடர்ந்த காடு இன்னும் ஓராண்டு நின்றாலும் இப்போதைவிடப் பெரிதாகக் கெட்டுவிடப் போவதில்லை. வரிசை இதுதான்: வரத்துக்கால், சிதறல், மடைக்கும் கலுங்குக்கும் (மிகுநீர் வழியும் இடம்) முன்பகுதி, புதர், கடைசியாகக் காடு.

படி 3: நாட்டு மரத்துக்குச் சுண்ணாம்பு

ஜேசிபி ஓட்டுநருக்கு முள் இருக்கும் மரமெல்லாம் ஒன்றுதான். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை, முந்தைய நாளே அடையாளம் போடாதது நம் குற்றம். நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை, காய் மணிகோர்த்த மாலைபோல் விதைக்கு விதை இடை சிறுத்திருக்கும். சீமைக்கருவேலத்தின் பூ விரல் நீளக் கதிர், இளம்பச்சை கலந்த மஞ்சள். காய் பழுத்தால் வைக்கோல் நிறம், விளிம்பு பெரும்பாலும் நேராகவே ஓடும். வன்னி, குடைவேல், வெள்வேல், இலந்தை, உகா எதுவாக இருந்தாலும் விட வேண்டிய மரத்தின் அடியில் இடுப்புயரத்துக்குச் சுண்ணாம்பு பூசிவிடுங்கள். அடர்ந்த புதருக்குள் சிக்கிய பனங்கன்றைத் தேடிப் பாருங்கள், நிறையக் கிடைக்கும்.

கூடு இருக்கும் மரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். காஞ்சிரங்குளம், சித்திரங்குடி போன்ற இராமநாதபுரத்துப் பறவைச் சரணாலயங்களில் நாரையும் கொக்கும் கூடு கட்டுவது நாட்டுக்கருவேலத்தில் மட்டுமில்லை, சீமைக்கருவேலத்திலும்தான். அங்கெல்லாம் வனத்துறை இல்லாமல் ஒரு கிளையும் வெட்டக் கூடாது. சாதாரண ஊர்க் கண்மாயிலும் குஞ்சு பறந்த பிறகு வெட்டுங்கள். மாற்று மரம் வளரும்வரை கூட்டு மரங்களில் சிலவற்றை விட்டுவையுங்கள்.

படி 4: காலம்

வடகிழக்குப் பருவமழையை நம்பிய மாவட்டங்களில் கண்மாய் வற்றுவது மாசி, பங்குனி வாக்கில். மண் முழுவதும் இறுகிப் பாறையாகும் முன், கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இயந்திர வேலையை முடிப்பது நல்லது. தூர் முழுதாக வரும், டீசல் செலவும் குறையும். காய் பழுத்து உதிரும் முன் வெட்ட முடிந்தால் விதைச் சுமையில் பாதி குறைந்த மாதிரி.

கன்று பிடுங்கும் காலம் வேறு. ஐப்பசி மழை பெய்து முளைத்த கன்றுகளைக் கார்த்திகை, மார்கழியில் மண் இளகி இருக்கும்போது கையாலேயே உருவலாம். அதே கன்றை அடுத்த சித்திரையில் எடுக்கக் கடப்பாரை வேண்டும்.

படி 5: அகற்றுவது

விரல் பருமன் உள்ள கன்று: கையுறை போட்டுக்கொண்டு வேரோடு உருவுங்கள். அறுந்தால் விடாதீர்கள், கொத்தி எடுங்கள்.

மணிக்கட்டுப் பருமன்: மண்வெட்டியும் கடப்பாரையும். அடியைச் சுற்றி ஓரடிக்குக் குறையாமல் தோண்டி, பக்கவேர் பிரியும் இடத்துக்குக் கீழே கோடாலி போடுங்கள். ஆழ ஓடும் ஆணிவேரை முழுதாக எடுக்க வேண்டியதில்லை, மொட்டுப் பகுதி வெளியே வந்தால் போதும்.

பெரிய மரம்: ஜேசிபி அல்லது ஹிட்டாச்சி. முதலில் கிளை கழித்து, தண்டை நான்கடி உயரத்தில் விட்டால் நெம்புவதற்குப் பிடி கிடைக்கும். முதலில் தரையோடு வெட்டி விறகை அனுப்பிவிட்டு, "தூரை அப்புறம் எடுத்துக்கலாம்" என்று சொன்னால் அந்த அப்புறம் வருவதே இல்லை. பிடியில்லாத தூரைத் தோண்ட இரண்டு மடங்கு நேரமும் ஆகும். எடுத்த குழியை அன்றே மூடிச் சமன் செய்யுங்கள். மழைக்காலத்தில் தண்ணீருக்கடியில் குழி தெரியாது, பிள்ளைகள் இறங்கும் இடம்.

கரையில் நிற்கும் மரத்தைத் தனியாகக் கவனிக்க வேண்டும். கரையிலும், மடை, கலுங்கின் பக்கத்திலும் இயந்திரம் போட்டு வேரைப் பிடுங்கினால் கரைக்குள் பொந்து விழும். முதல் பெருமழையில் அந்த வழியே கசிவு தொடங்கி உடைப்பெடுக்கும். அங்கே ஆள் வைத்து, ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு தூர் மட்டும் எடுத்து, குழியில் களிமண்ணை அடுக்கடுக்காகப் போட்டுத் தண்ணீர் தெளித்துத் திமிசுக் கட்டையால் இடித்து இறுக்க வேண்டும். அதற்கு ஆள் இல்லையென்றால் மரத்தை வெட்டிவிட்டு, துளிர்க்கத் துளிர்க்க ஒடித்துக்கொண்டே இருங்கள். மாதம் ஒருமுறை விடாமல் ஒடித்தால் தூரின் சேமிப்பு தீர்ந்து நலியும். நாளாகும்தான், ஆனால் கரை நிலைக்கும்.

மருந்து அடிக்கலாமா என்று எல்லோரும் கேட்பார்கள். வெட்டிய உடனே, சில நிமிடங்களுக்குள், தூரின் ஓரத்தில் களைக்கொல்லி தடவும் முறை சில நாடுகளில் நடைமுறையில் இருக்கிறது. தண்ணீர் தேங்கும் கண்மாய்க்குள் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சொந்தத் தரிசு நிலத்தில் என்றாலும் வேளாண் அறிவியல் நிலையத்தைக் கேட்காமல் வேண்டாம். தூரில் மண்ணெண்ணெய், டீசல், உப்பு ஊற்றும் பழக்கம் சில ஊர்களில் இருக்கிறது. மரத்தைவிட மண்தான் அதில் முதலில் கெடும்.

ஒப்பந்தம் என்ற பொறி

இந்தப் பகுதிக்குப் படி எண் கொடுக்கவில்லை, எல்லாப் படியும் தோற்பது இங்கேதான். வழக்கமான ஏலத்தில் ஒப்பந்தக்காரர் ஊராட்சிக்குப் பணம் கட்டி மரத்தை எடுக்கிறார். அவருக்கு வேண்டியது தண்டு. தூர் தோண்டுவது அவருக்குச் செலவு, கன்று பிடுங்குவதில் அவருக்கு ஒன்றுமில்லை. ஆகவே தண்டு போகும், தூர் நிற்கும், நான்கைந்து ஆண்டில் மறுபடி விறகு பருத்து மறுபடி ஏலம் வரும். ஊராட்சிக்கும் வருமானம், அவருக்கும் வருமானம். கண்மாய் மட்டும் கண்மாயாக இருக்காது.

இதை உடைக்க ஒப்பந்தத்தில் நான்கு வரி போதும். தூர் எடுத்த குழியைக் காட்டிய பிறகே அந்தப் பகுதி முடிந்ததாகக் கொள்ளப்படும். பகுதி ஒன்று முடியாமல் பகுதி இரண்டில் மரம் ஏற்றக் கூடாது. வைப்புத்தொகையில் ஒரு பங்கு அடுத்த மழைக்காலம் முடிந்து, துளிர் இல்லை என்று நடந்து பார்த்த பிறகே திரும்பும். சுண்ணாம்பு பூசிய மரம் விழுந்தால் அபராதம். இப்படி எழுதினால் ஏலத் தொகை இறங்கும், சிலர் ஏலத்துக்கே வர மாட்டார்கள். அந்தக் குறைவுதான் தூர் எடுப்பதற்கு ஊர் கொடுக்கும் விலை என்று கூட்டத்திலேயே கணக்கைப் போட்டுக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் "போன தலைவர் இவ்வளவு வாங்கினார், இவர் ஏன் குறைத்தார்" என்ற பேச்சு வரும்.

பயன்படுத்தியே ஒழித்துவிடலாம் என்ற யோசனையையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். கரி, உயிரிப்பொருள் மின்சாரம், காய் மாவுத் தீவனம் எல்லாமே நல்ல பயன்கள், அகற்றும் செலவில் ஒரு பகுதியை ஈடுகட்டும். ஆனால் அந்தத் தொழிலுக்கு மரம் தொடர்ந்து தேவைப்படும் நாளில் மரத்தை ஒழிப்பது யாருக்கும் நோக்கமாக இருக்காது. எந்த இடத்தில் மரத்தை நிரந்தரமாக ஒழிக்கிறோம், எந்தத் தனியார் நிலத்தில் வேலி போட்டுக் கரிக்காக வைத்துக்கொள்கிறோம் என்பதைத் தனித்தனியாக எழுதிவிட்டால் குழப்பம் இல்லை.

படி 6: விதை போகும் வழியை அடைப்பது

கண்மாயில் கிடக்கும் காயைக் கூட்டி அங்கேயே எரியுங்கள். விறகு லாரியில் காயோடு கிளை போகக் கூடாது, வழியெல்லாம் உதிரும். இயந்திரத்தின் சக்கரத்திலும் வாளியிலும் ஒட்டிய மண்ணை வெளியேறும் முன் கழுவித் தட்டச் சொல்லுங்கள்.

வண்டல் மண்ணில் பலரும் கோட்டை விடுகிறார்கள். கண்மாய் வண்டலை வயலுக்கு எடுத்துப்போக அரசு அனுமதி தருகிறது, விவசாயிக்கு அது தங்கம். ஆனால் மரம் நின்ற இடத்து மேல்மண்ணில் விதை நிறைந்திருக்கும். மேலே அரையடியை வழித்து ஒதுக்கிவிட்டு அதற்குக் கீழே எடுங்கள். ஒதுக்கிய மண் கண்மாய்க்குள்ளேயே ஒரு மூலையில் கிடக்கட்டும், முளைப்பதை அங்கேயே அழிக்கலாம்.

கிடையிலும் இதே சிக்கல் உண்டு. காய் தின்ற ஆட்டை வயலில் கிடை போட்டால் எருவோடு விதையும் கிடைக்கும். கிடைக்காரரிடம் காய்க்காலத்தில் ஒரு வாரம் காயில்லாத மேய்ச்சலில் வைத்துவிட்டு வரச் சொல்லலாம். அது முடியாவிட்டால் கிடை போட்ட வயலை அந்தப் பருவமே உழுது பயிர் வைத்துவிடுங்கள். தரிசாக விட்டால் மூன்றாம் ஆண்டு வேலிதான்.

படி 7: காலி இடத்தை நிரப்புவது

தூர் எடுத்துக் கிளறிய மண் விதைக்குப் படுக்கை போட்டுக் கொடுத்ததுபோல் இருக்கும். அடுத்த மழைக்குள் அதில் நீங்கள் எதையாவது விதைக்க வேண்டும், விட்டால் சீமைக்கருவேலம் விதைத்துக்கொள்ளும். கண்மாயின் நடுப்பகுதியில் தண்ணீர் நெடுநாள் நிற்கும் என்பதால் அங்கே கவலை குறைவு. விளிம்பும் வெளித் தரிசும்தான் தொல்லை.

நான் முதலில் புல்லைத்தான் போடச் சொல்வேன். மரக்கன்றுக்கு வேலி, தண்ணீர், ஆள் எல்லாம் வேண்டும், நிழல் கட்ட ஆண்டுகள் ஆகும். கொழுக்கட்டைப்புல் விதையைத் தூவினால் ஒரே மழையில் தரை மூடத் தொடங்கும், ஆடு மாட்டுக்கும் மேய்ச்சல். முதல் பருவம் மட்டும் மேயவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். அதற்கு இடையில் மரம்: கரையின் வெளிச்சரிவில் பனை, நீர் எட்டும் விளிம்பில் நீர்மருது, நாவல், புங்கம், நாட்டுக்கருவேலம், மேட்டுத் தரிசில் வேம்பு, உசிலை, வன்னி, இலந்தை, உவர் மண்ணில் உகா. வன்னி சீமைக்கருவேலத்தின் உறவுக்கார மரம்தான், ஆனால் இந்த மண்ணுக்கே உரியது. பட்டா நிலமாக இருந்தால் மிக எளிய வழி உழவு. ஆண்டுக்கு இரண்டு உழவும் ஒரு கேழ்வரகோ உளுந்தோ இருந்தால் கன்று தலைதூக்காது.

படி 8: ஐந்து ஆண்டு

பணத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியை முதல் ஆண்டு அகற்றலுக்கும் மறு பாதியை அடுத்த நான்கு ஆண்டுக்கும் ஒதுக்குங்கள். கையிருப்பு போதவில்லை என்றால் பரப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆண்டுகளைக் குறைக்காதீர்கள். ஐந்து ஏக்கரை ஐந்து ஆண்டு பார்ப்பது ஐம்பது ஏக்கரை ஒரு முறை வெட்டுவதைவிட மேல்.

முதல் ஆண்டில் மூன்று சுற்று தேவைப்படும்: அகற்றி இரண்டு மாதத்தில் துளிர் பார்க்க, மழைக்குப் பின் கன்று பிடுங்க, கோடைத் தொடக்கத்தில் விடுபட்டதை எடுக்க. இரண்டாம், மூன்றாம் ஆண்டில் இரண்டு சுற்று. பிறகு ஆண்டுக்கு ஒன்று. இரண்டு மூன்று ஆண்டுக் கன்றே பூக்கத் தொடங்கிவிடும், எனவே எந்தக் கன்றும் இரண்டு மழைக்காலம் தாண்டக் கூடாது என்று கணக்கு வையுங்கள். ஊரக வேலைத் திட்டப் பட்டியலில் கன்று அகற்றலைச் சேர்க்க முடியுமா என்று ஒன்றிய அலுவலகத்தில் கேட்டுப் பாருங்கள். ஒரு நோட்டில் தேதி, பகுதி, பிடுங்கிய கன்று எண்ணிக்கை மட்டும் எழுதினால் போதும். எண் ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே நீங்கள் ஜெயிக்கிறீர்களா என்பதற்கான ஒரே சாட்சி. புகைப்படம் எப்போதும் அழகாகவே இருக்கும்.

வேறு இனம் என்றால் எந்தப் படி மாறும்

ஆகாயத்தாமரை இரண்டு வாரத்தில் இரட்டிப்பாகக் கூடியது, அதனால் பாதி அள்ளிவிட்டு நிறுத்துவது வீண். நீர் வரும் திசையிலிருந்து தொடங்கி, குறுக்கே மிதவைத் தடுப்புக் கட்டி, பூப்பதற்கு முன் அள்ளி, வெள்ளம் எட்டாத தூரத்தில் குவிக்க வேண்டும். விதை சேற்றில் பல ஆண்டு கிடக்கும். கழிவுநீர் கலப்பது நிற்காதவரை அது வந்துகொண்டேதான் இருக்கும். உரம் போட்டுவிட்டுக் களையைத் திட்டி என்ன பயன்? முதல் படியே சாக்கடையைத் திருப்புவதாக இருக்க வேண்டும்.

உண்ணிச்செடியை வெட்டினாலும் எரித்தாலும் அது இன்னும் அடர்ந்து வரும். தரைக்குச் சற்றுக் கீழே வேர்த்தண்டை அறுத்து, புதரைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவிட வேண்டும். பழம் தின்னும் பறவை உட்காரும் மரத்தடியில்தான் கன்று அதிகம் முளைக்கும், மறுசுற்றில் அங்கே முதலில் தேடுங்கள். கூடலூர்ப் பகுதியில் பழங்குடிக் கைவினைஞர்கள் உண்ணிக்குச்சியில் ஆளுயர யானைகள் செய்கிறார்கள், இலண்டன் பூங்காக்கள்வரை போய் நின்ற யானைகள் அவை. அழகான பயன், ஆனால் காட்டில் இருக்கும் உண்ணியின் அளவுக்கு முன்னால் இது துளிதான்.

ஆப்பிரிக்க நத்தைக்கு நேரம் முக்கியம். மழை தூறிய மாலையில் ஈரச் சாக்கை வரப்போரம் விரித்து, அடியில் பப்பாளி இலையோ முட்டைக்கோஸ் இலையோ வையுங்கள். விடியும் முன் கூடியிருப்பவற்றைக் கையுறையோடு பொறுக்கி, கெட்டியான உப்புக் கரைசல் வாளியில் போட்டுக் கொன்று, ஆழப் புதையுங்கள். வெறுங்கையால் தொடாதீர்கள், மூளைக்காய்ச்சல் தரும் ஒட்டுண்ணிப் புழு அதில் இருக்கலாம். வயலில் உப்பைத் தூவுவது நிலத்தைக் கொல்லும். நத்தைக்கான விஷ உருண்டை நாயையும் கொல்லும். ஒரு வீட்டுக்காரர் மட்டும் பொறுக்கினால் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்துவிடும், தெருவே சேர வேண்டும்.

ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்புக்கு நாட்டில் தடை இருக்கிறது. ஆனாலும் குட்டையிலிருந்து தப்பிக் கண்மாய்க்கு வந்துவிடுகிறது. காற்றை நேரடியாகச் சுவாசிக்கும், சேற்றில் தாக்குப்பிடிக்கும், கண்டதைத் தின்னும். கோடையில் கண்மாய் சுருங்கும்போது முழுமையாகப் பிடித்து எடுப்பது ஒன்றே ஊரால் முடிந்த வழி. பிடித்ததை எந்த நீர்நிலையிலும் திரும்ப விடாதீர்கள்.

எண்ணூர், பழவேற்காட்டில் காக்கா ஆழி என்று மீனவர்கள் சொல்லும் சிப்பி இன்னொரு பாடம். தென் அமெரிக்கக் கரைகளைச் சேர்ந்த அது பாய் விரித்ததுபோல் அடிநிலத்தை மூடி, இறாலும் மஞ்சள் ஆழியும் கிடைத்த இடத்தைப் பறித்துவிட்டது. திறந்த நீரில் ஒரு சிப்பி பரவிய பின் முழுதாக அகற்றிய உதாரணம் அரிது. கப்பல்கள் சாயாமல் இருக்க அடியில் நிரப்பிச் சுமந்து வரும் நிலைப்புநீரைத் துறைமுகத்திலேயே கட்டுப்படுத்துவதுதான் இங்கே உண்மையான முதல் படி. கிராமத்தால் செய்யக்கூடியது கால்வாய் வாயை அடைபடாமல் வைப்பதும், வலையிலும் படகிலும் ஒட்டியதை வேறு நீர்நிலைக்குக் கொண்டுபோகாமல் இருப்பதும்.

இயற்கை எதிரியைக் கொண்டுவந்தால்?

நடந்திருக்கிறது. 2008இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, மல்பெரி, மரவள்ளி என்று பல பயிரை அழித்தது. 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து ஒட்டுண்ணிக் குளவிகளை வரவழைத்துச் சோதித்து விட்டார்கள். ஓராண்டு வாக்கில் பூச்சி அடங்கியது. மரவள்ளி மாவுப்பூச்சிக்கும் பெனின் நாட்டிலிருந்து ஒரு குளவி வந்தது. கேரளத்தில் நீர்ப்பெரணி என்ற மிதக்கும் களையை 1980களில் ஒரு சிறு கூன்வண்டு அடக்கியது.

சீமைக்கருவேலத்துக்கு இது சுலபமில்லை. மரத்தால் பயனும் இருப்பதால் மரத்தைக் கொல்லாமல் விதையை மட்டும் தின்னும் வண்டுகளைத் தென்னாப்பிரிக்கா தேர்ந்தெடுத்தது. வண்டு முட்டையிடும் முன் கால்நடை காயைத் தின்றுவிடுவதால் பெரிய பலன் கிடைக்கவில்லை. எதுவானாலும் இது பல ஆண்டுச் சோதனைக்குப் பிறகு தேசிய நிறுவனங்கள் செய்யும் வேலை. கொசுவைத் தின்னும் என்று விடப்பட்ட கம்பூசியா மீன் நாட்டு மீன் குஞ்சையும் தவளை முட்டையையும் தின்றதை நினைவில் வைத்து, யாரும் தாமாக எதையும் வாங்கி விடாதீர்கள்.

புதிதாக ஒன்றைக் கண்டால்

ஊரில் இதுவரை பார்க்காத செடி, பூச்சி, மீன், எறும்பு திடீரெனப் பெருகினால் அதுவே மிக மலிவான தருணம். பத்துச் செடியை ஒரு மதியத்தில் முடிக்கலாம். பூ, காய், இலை, முழுச்செடி எனத் தனித்தனியாகப் படம் எடுங்கள். பூச்சி, நத்தை என்றால் பக்கத்தில் ஒரு நாணயத்தை வைத்து எடுங்கள். இடத்தின் பெயர், தேதி, சுமாரான பரப்பு எழுதி வேளாண் அறிவியல் நிலையத்துக்கும், மீன் என்றால் மீன்வளத்துறைக்கும், காட்டோரம் என்றால் வனத்துறைக்கும் அனுப்புங்கள். அடையாளம் காட்ட உயிரோடு எடுத்துக்கொண்டு பேருந்தில் போகாதீர்கள். பூச்சியைச் சாராயத்தில் போட்டு மூடிய புட்டியிலும், செடியைக் காயும் விதையும் உதிராதபடி இரட்டைப் பிளாஸ்டிக் பையில் கட்டியும் கொண்டுபோகலாம். பதில் வரும்வரை அந்த இடத்தில் கால்நடையை மேயவிடாமல், மண்ணை அள்ளாமல் நான்கு குச்சி நட்டுக் கயிறு கட்டிவையுங்கள்.